நிழல் கூடாது

பகாவில் இந்த வரிசை வீடுகளுக்குள்
காலை வெயில் நேராக நுழைவதில்லை.
எதிர்வீட்டுத் தகரக்கூரையில் முட்டிவிட்டு வருகிறது.
அதுதான் நல்ல வெளிச்சம்.
ஒருமுறை அடிபட்டு
கோபம் தணிந்த வெளிச்சம்.

ஃப்ளாஷைப் பையிலேயே விட்டுவிட்டேன்.
குழல்விளக்கையும் அணைக்கச் சொன்னேன்.
"இருட்டாயிடுமேக்கா" என்றாள் புஷ்பலீலா.
ஆகட்டும்.
விளக்கின் பச்சையும் வானத்தின் நீலமும்
ஒரே கன்னத்தில் சண்டைபோட்டால்
பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் இருக்கும்.

நாக்கோ சன்னலில் எட்டுக் கண்ணாடி இருக்கவேண்டும்.
மூன்றாவது இல்லை.
அந்த இடத்தில் செருகியிருந்த மைலோ அட்டையை
உருவி எடுத்தேன்.
துருப்பிடித்த கைப்பிடியை அழுத்தி
மற்ற ஏழையும் படுக்கவைத்தேன்.
அறை ஒரு படி விழித்தது.

சிவப்பு நாற்காலிமேல் வெள்ளைத் துண்டு,
இல்லையென்றால் சிவப்பு தாடையில் ஏறும்.
மடியில் மீன்பெட்டியின் மூடி,
கண்ணுக்கடியில் தேங்கும் இருட்டுக்கு
அது கொஞ்சம் கடன் கொடுக்கும்.
நெத்திலி வாடை அடித்தது.
படத்தில் வராது.

யுவலினி. மூன்று வயது, நான்கு மாதம்.
லீலா சொல்லித்தான் தெரியும்,
எழுதிய தாள் எங்கும் இல்லை.
கல்யாணம் கோயிலோடு சரி,
பதிவிலாகா வாசலை இருவரும் மிதிக்கவில்லை.
பிறகு அவன்
ஜொகூர் பக்கம் வேலை என்று போனவன்
போனவன்தான்.
சூரா இல்லாத பிள்ளையைத்
தடுப்பூசி போடும் இடத்தில்
இரண்டு முறை பெயர் கேட்டு
இரண்டு முறையும்
பென்சிலால் எழுதிக்கொண்டார்களாம்.

திங்கட்கிழமை சிரம்பானில் மனு கொடுக்கவேண்டும்.
உதவிக்கு வந்த வக்கீல் பெண்
ஒரு துண்டுச்சீட்டில் எழுதியிருந்தாள்:
முகம் நேராக. காது தெரியவேண்டும்.
சிரிப்பு கூடாது. நிழல் கூடாது.

மூன்று வயதை
அப்படி யாராவது பார்த்திருக்கிறார்களா?

சன்னலைப் பார்த்து உட்காரவைத்தால்
நிழல் முதுகுக்குப் பின்னால் போய்விடும்,
அது என் வேலை.
உட்காரவைப்பது யார் வேலை?
மூடியைத் தொப்பியாக்கினாள்.
நாற்காலிக்கடியில் போய் நாயானாள்.
பல்லி எங்கே என்றேன்.
பல்லி தூங்குது என்றாள், என்னை அதட்டி.
அவள் உயரத்துக்கு முழந்தாளிட்டேன்,
சன்னலுக்கு முதுகு காட்டி.
நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி.
அதற்குக் கீழே போனால் அவள் கரைந்துவிடுவாள்,
மேலே போனால் முகம் கறுத்துவிடும்.
ஐஎஸ்ஓவை ஏற்றினேன்.
மணல் தூவினாற்போல் வந்தால் வரட்டும்.

இருபத்தாறு படம்.
இருபத்தாறும் ஓட்டம்.

அப்போது செம்பனைக் குலை ஏற்றிய லாரி
முச்சந்தியில் திரும்பியது.
கண்ணாடிகள் ஏழும் நடுங்கின.
என் தலைக்குமேல் எதையோ பார்த்து
அவள் அப்படியே நின்றாள்.
இமைக்கவில்லை.
கூரைமேல் மேகம் நகர்ந்து கொடுத்தது.
மூன்று முறை அழுத்தினேன்.

திரையில் பெரிதாக்கினேன்,
கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று.
விழுந்திருந்தது.
கருவிழிக்குள் சன்னல்,
கடுகளவு.
ஏழு சாம்பல் கோடு,
மூன்றாம் இடத்தில் மட்டும் வெறும் வெள்ளை.
அடியில் மீன்பெட்டி மூடி.
சன்னலை மறைத்தபடி
கறுப்பாய் ஒரு தலை, உயர்ந்த முழங்கைகள்:
நான்.
ஓரத்தில் இன்னொரு கறுப்பு,
கையில் துண்டுடன் லீலா.

மனுவின் கடைசித் தாளில்
பிள்ளையை அறிந்த ஒருவர் கையெழுத்துக்கென்று
ஒரு கோடு காலியாக இருந்தது.
லீலா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.
தாளைக் குப்புறப் போட்டு
அதன்மேல் தண்ணீர் கிளாஸை வைத்திருந்தாள்.
நானே நகர்த்தினேன்.
என் அடையாள அட்டை எண்ணையும் எழுதினேன்,
ஒரே ஒரு எண் நடுங்கிவிட்டது.

காசுக்கு அவள் டப்பாவைத் திறந்தாள்.
வேண்டாம் என்று
சைகையில் சொல்லிக்கொண்டே
மைலோ அட்டையைப் பழைய இடத்தில் செருகினேன்.
வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

யுவலினி இப்போது
ஒரு வேலையும் இல்லாமல்
நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள்.
காது தெரிந்தது.